இரண்டாயிரம் ஆண்டு நிற்கும் காரை: ரோமானியக் கான்கிரீட் பற்றிய செய்திகளைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ரோமானியர்களின் கான்கிரீட் ஏன் இத்தனை காலம் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. 2014இல் அந்த விடை ஒரு படிகம், 2017இல் கடல்நீர், 2021இல் ஒரு கல்லறைச் சுவர், 2023இல் சுட்ட சுண்ணாம்பு, 2025இல் பொம்பெயி நகரில் பாதியில் நின்றுபோன ஒரு கட்டுமானத் தளம். இவற்றை வரிசையாகப் படிக்கும் ஒருவருக்கு, ஒவ்வொரு ஆய்வும் முந்தைய ஆய்வைத் தள்ளுபடி செய்துவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. கூடவே, “ரோமானியர் கட்டியது இரண்டாயிரம் ஆண்டு நிற்கிறது, நாம் கட்டுவது ஐம்பது ஆண்டில் உதிர்கிறது” என்ற ஒப்பீடும் சமூக ஊடகங்களில் சேர்ந்து வலம் வருகிறது.

அந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அவை வெவ்வேறு கட்டடங்களிலிருந்து எடுத்த வெவ்வேறு காரையைப் பற்றியவை. “ரோமானியக் கான்கிரீட்” என்பது ஒரே செய்முறையில் செய்த ஒரே பொருள் அன்று. சுண்ணாம்பும் எரிமலை மண்ணும் கல்லும் சேர்ந்த ஒரு குடும்பம் அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து தொடங்கினால்தான், எந்தக் கண்டுபிடிப்பு எதை விளக்குகிறது, எதை விளக்கவில்லை என்பது பிடிபடும்.

சுண்ணாம்பு கல்லாவது எப்படி?

ரோமானியருக்கு முன்பும் பின்பும், உலகின் பல பகுதிகளில் கட்டடங்களை ஒட்டவைத்த பொருள் சுண்ணாம்புதான். அதன் வேதியியல் மூன்று படிகளில் அடங்கும்.

1. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அதைக் காளவாயில் இட்டுச் சுமார் 900 டிகிரி செல்சியசில் சுட்டால், அதில் அடங்கியிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். தூய கல்லாக இருந்தால் 100 கிலோவில் 44 கிலோ இப்படிக் காற்றோடு போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு.

2. சுட்ட சுண்ணாம்பின்மேல் தண்ணீர் விட்டால் அது கொதித்து, வெடித்து, பூத்து, மாவாகவோ குழைவாகவோ ஆகும். கட்டிய வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொதிப்பு தெரியும். இது நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு.

3. அதை மணலோடு குழைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறும். கல்லிலிருந்து புறப்பட்டது கல்லாகவே திரும்பி வருகிறது.

மூன்றாவது படியில்தான் குறை இருக்கிறது. காற்று பட்டால்தான் இறுகும் என்பதால், தடித்த சுவரின் நடுவில் இருக்கும் சுண்ணாம்பு ஆண்டுக்கணக்கில் இளகியே கிடக்கும். தண்ணீருக்கடியில் இறுகவே இறுகாது. வெறும் சுண்ணாம்பையும் ஆற்று மணலையும் வைத்துக்கொண்டு ஒரு துறைமுகச் சுவரைக் கட்ட முடியாததற்கு இதுவே காரணம்.

எரிமலை மண் செய்த மாற்றம்

இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவில் இன்று பொட்சுவோலி என்று அழைக்கப்படும் ஊர், ரோமானியர் காலத்தில் புத்தேயோலி. அதைச் சூழ்ந்த எரிமலை நிலத்தில் கிடைத்த சாம்பல்மண்ணுக்கு அந்த ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது; இன்று உலகெங்கும் கட்டுமானத் துறையில் வழங்கும் “பொசோலானா” என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான்.

எரிமலை வெடித்துச் சிதறும்போது உருகிய பாறை சட்டென்று குளிர்ந்துவிடுவதால், அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஒழுங்கான படிகமாக அமைய நேரம் கிடைப்பதில்லை. கண்ணாடிபோல் ஒழுங்கற்ற நிலையிலேயே உறைந்துவிடும். அந்த நிலையில் இருக்கும் சிலிக்கா, ஈரச் சுண்ணாம்போடு எளிதில் வினைபுரியும். வினையின் முடிவில் கால்சியம், சிலிக்கா, அலுமினா மூன்றும் நீரோடு பிணைந்த ஒரு பசை உருவாகிறது. இந்தப் பசைக்குக் காற்று தேவையில்லை, தண்ணீர் போதும். ஆகவே தடித்த சுவரின் நடுவிலும் அது இறுகும், கடலுக்கடியிலும் இறுகும். சாதாரண ஆற்று மணலும் சிலிக்காதான் என்றாலும், அது நன்கு படிகமான சிலிக்கா என்பதால் சுண்ணாம்போடு வினைபுரியாமல் வெறும் நிரப்பியாகவே இருந்துவிடும்.

கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் எழுதிய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், இந்த வேதியியலை அறிந்திருக்க வழியில்லை. ஆனால் விளைவைத் துல்லியமாக அறிந்திருந்தார். குழிகளிலிருந்து தோண்டியெடுக்கும் மணலுக்கு மூன்று பங்குக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு; ஆற்று மணலோ கடல் மணலோ என்றால் இரண்டு பங்குக்கு ஒன்று; அவற்றோடு மூன்றில் ஒரு பங்கு இடித்துச் சலித்த ஓட்டுத்தூள் சேர்த்தால் காரை மேம்படும்; கடலுக்குள் கட்டுவதற்கு இரண்டு பங்கு எரிமலை மண்ணுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. மணலைத் தேர்ந்தெடுக்க அவர் தரும் சோதனையும் நம் கொத்தனார்களுக்கு அந்நியமாக இராது: கையில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று ஒலிக்க வேண்டும், வெள்ளைத் துணியில் பரப்பி உதறினால் கறையோ மண்ணோ ஒட்டியிருக்கக் கூடாது.

இதில் ஓட்டுத்தூள் என்ற சேர்க்கையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். களிமண்ணைச் சூளையில் சுட்டால் அதன் கட்டமைப்பும் குலைந்து, எரிமலைக் கண்ணாடியைப் போலவே சுண்ணாம்போடு வினைபுரியும் தன்மையைப் பெறுகிறது. அதாவது, எரிமலை இல்லாத ஊரில் குயவர் சூளையே எரிமலையின் வேலையைச் செய்தது.

ரோம் நகரத்துக்கு அருகிலும் தனியாக எரிமலை மண் இருந்தது. நகரின் தென்கிழக்கிலுள்ள ஆல்பன் குன்றுகளில் சுமார் 4,56,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெடிப்பில் வந்து படிந்த செந்நிற மண்ணைத்தான் பேரரசுக் காலத்துக் கட்டடங்கள் பெரிதும் பயன்படுத்தின. துறைமுகங்களுக்கு நேப்பிள்ஸ் மண், நகரக் கட்டடங்களுக்கு ஆல்பன் மண் என்று மூலப்பொருளே இரண்டாகப் பிரிந்திருந்ததைப் பின்னால் நினைவில் கொள்ள வேண்டும்.

ஊற்றியது அன்று, அடுக்கியது

இன்று கான்கிரீட் என்றதும் கலவை இயந்திரமும், சென்ட்ரிங் பலகைக்குள் கூழாகக் கொட்டுவதும்தான் கண்முன் வருகின்றன. ரோமானியரின் முறை வேறு. கைக்கு அடங்கும் அளவிலான உடைகற்களைக் கட்டியான சாந்துப் படுகையின்மேல் வரிசையாகப் பரப்பி, மேலே மீண்டும் சாந்து போட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, அடுத்த வரிசைக்குப் போவார்கள். அந்த உடைகற்களுக்கு இலத்தீனில் வழங்கிய பெயர்தான் காலப்போக்கில் பொருள் மாறி இன்றைய “சிமெண்ட்” என்ற சொல்லானது. சுவரின் இரு முகங்களிலும் செங்கல்லோ சிறு கற்களோ கட்டி எழுப்பப்பட்டதால், பெரும்பாலான சுவர்களில் கான்கிரீட் வெளியே தெரியாது.

இந்த வேறுபாட்டைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. என் பார்வையில் அது முக்கியமானது. கூழாக ஓட வேண்டிய கலவைக்குத் தண்ணீர் அதிகம் தேவை. வினைக்குப் போக மிஞ்சும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும்போது நுண்துளைகளை விட்டுச் செல்லும். இடித்து அடுக்கிய காரையில் தண்ணீர் குறைவு, அப்படி உண்டாகும் துளைகளும் குறைவு. அதற்கு ஈடாகச் செலவிட்டது ஆள்பலத்தை. இன்றைய கூலிக் கணக்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை அந்த முறையில் எழுப்ப யாராலும் முடியாது.

கடலில் வேலை நடந்த விதம் இன்னொரு வகை. மரப்பலகைகளால் பெட்டிபோல் அடைப்பு அமைத்து, அதைக் கடலடியில் நிறுத்தி, உள்ளே சாந்தையும் கற்களையும் இறக்கி நிரப்பினார்கள். யூதேயாவின் அரசன் ஏரோது கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய இஸ்ரேல் கடற்கரையில் கட்டிய சீசரியா துறைமுகத்துக்கு, அங்கிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நேப்பிள்ஸ் வளைகுடாவிலிருந்தே எரிமலை மண் கப்பலேற்றி வரவழைக்கப்பட்டிருக்கிறது. துறைமுகத்தில் துளையிட்டு எடுத்த மாதிரிகளின் வேதியியல் இதைக் காட்டியது.

ஐந்து செய்திகள், எத்தனை காரணங்கள்?

இனி, தொடக்கத்தில் சொன்ன ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

1. 2014: டிராஜன் சந்தை. ரோம் நகரில் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்தக் கட்டடத்தின் சாந்தை மேரி ஜாக்சனும் உடன் ஆய்வாளர்களும் சோதனைச்சாலையில் மீண்டும் செய்து, 180 நாட்கள் வரை இறுகவிட்டுச் சோதித்தார்கள். சாந்துக்குள் ஸ்ட்ராட்லிங்கைட் என்ற தகடு வடிவக் கனிமம் வளர்ந்து, நுண்விரிசல் பரவும் வழியில் குறுக்கே நின்று அதைத் தடுப்பது தெரிந்தது. இது ஆல்பன் மண்ணால் செய்த, தரைக்குமேல் நிற்கும் காரையைப் பற்றிய முடிவு.

2. 2017: துறைமுகக் காரை. இதே ஆய்வாளர் கடலுக்குள் இருந்த கான்கிரீட்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அலுமினியம் கலந்த டோபர்மோரைட், ஃபிலிப்சைட் ஆகிய கனிமங்கள் துளைகளிலும் விரிசல்களிலும் வளர்ந்திருப்பதைக் கண்டார். காரைக்குள் புகும் கடல்நீர் எரிமலைக் கண்ணாடியைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்தது புதிய படிகமாக உருவெடுக்கிறது. டோபர்மோரைட்டைத் தொழிற்சாலையில் உண்டாக்க உயர் வெப்பம் வேண்டும். கடலுக்குள் சாதாரண வெப்பத்திலேயே அது வளர்ந்திருந்ததுதான் வியப்பு. கி.பி. 79இல் வெசூவியஸ் வெடிப்பின்போது உயிரிழந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, புத்தேயோலி மண் கடலில் மூழ்கியதும் ஒரே கல்லாகி, அலைகளால் அசைக்க முடியாததாய் நாளுக்கு நாள் வலுப்பெறும் என்று எழுதியிருந்தார். மிகைப்படுத்தல் என்று நினைக்கத் தோன்றிய அந்தக் கூற்றுக்கு இந்த ஆய்வு பொருள் தந்தது. ஆனால் இது கடல்நீர் புகும் காரைக்கு மட்டுமே பொருந்தும். ரோம் நகரக் கட்டடங்களைக் கடல்நீர் தொட்டதில்லை.

3. 2021: கேசிலியா மெட்டல்லா கல்லறை. ஆப்பியன் சாலையோரம் நிற்கும் இந்த வட்டக் கட்டடத்தின் சாந்தில் இருந்த எரிமலை மண்ணில் லூசைட் என்ற பொட்டாசியம் மிகுந்த கனிமம் நிறைய இருந்தது. மழைநீரும் நிலத்தடி ஈரமும் அதைக் கரைக்க, வெளியேறிய பொட்டாசியம் சாந்தின் பசையையே மாற்றியமைத்து, கல்லுக்கும் சாந்துக்கும் இடையிலான பிடிப்பை வலுப்படுத்தியிருந்தது. கடல்நீர் இல்லாத இடத்திலும் இறுகிய காரை தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் என்பதற்கு இது சான்று.

4. 2023: வெள்ளைக் கட்டிகள். ரோமானியச் சாந்தை உடைத்துப் பார்த்தால் அதில் வெண்ணிறச் சிறு கட்டிகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். சரியாகக் கலக்காத சுண்ணாம்பு என்று அவற்றை நெடுங்காலமாக ஒதுக்கிவந்தார்கள். அட்மிர் மாசிச் தலைமையிலான மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழு, பிரிவெர்னம் என்ற பழைய ஊரின் மதில் சாந்தை ஆராய்ந்து வேறு விளக்கம் தந்தது. சுண்ணாம்பை முன்பே நீற்றாமல், சுட்ட சுண்ணாம்பாகவே எரிமலை மண்ணோடு கலந்து, அதன்பின் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள். அப்போது எழும் கடும் வெப்பத்தில் சுண்ணாம்பின் ஒரு பகுதி எளிதில் நொறுங்கும் கட்டிகளாக நின்றுவிடுகிறது. பின்னாளில் விரிசல் விடும்போது அது இந்தக் கட்டிகளின் வழியாகவே ஓடுகிறது. புகும் நீர் கட்டியிலுள்ள கால்சியத்தைக் கரைத்து, விரிசலுக்குள்ளேயே கால்சியம் கார்பனேட்டாகப் படியவைக்கிறது. சோதனையில் அரை மில்லிமீட்டர் அகல விரிசல் இரண்டு வாரங்களில் அடைபட்டு நீர்க்கசிவு நின்றது. சுட்ட சுண்ணாம்பு சேர்க்காத மாதிரியில் கசிவு நிற்கவே இல்லை.

5. 2025: பொம்பெயி. கி.பி. 79இல் சாம்பலுக்கடியில் புதைந்தபோது வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீடு அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டது. கருவிகளும், குவித்து வைத்த ஓடுகளும், இன்னும் தண்ணீர் படாத உலர் கலவைக் குவியலும் கிடைத்தன. அந்தக் குவியலில் எரிமலை மண்ணோடு சுட்ட சுண்ணாம்புத் துகள்கள் கலந்திருந்தன. உலரக் கலந்து பிறகு நீர் சேர்க்கும் முறை குறைந்தது ஓர் இடத்திலாவது உண்மையில் கையாளப்பட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை எதிர்பார்க்க முடியாது.

நான்காவது, ஐந்தாவது முடிவுகளுக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. விட்ருவியஸ் சுண்ணாம்பை நீற்றிய பிறகே மணலோடு கலக்கச் சொல்கிறார். பிளினியோ, பழைய கட்டட விதிகளின்படி மூன்றாண்டுக்குக் குறைவாக ஊறிய சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்றும், அதனால்தான் அந்தக் காலத்துப் பூச்சுகளில் வெடிப்பு விழவில்லை என்றும் எழுதுகிறார். இவை தவறான தகவல்களா? அப்படி எண்ணத் தேவையில்லை என்றே கருதுகிறேன். பிளினி பேசுவது சுவர்ப்பூச்சைப் பற்றி. நீறாத சிறு கட்டி பூச்சுக்குள் இருந்தால் பின்னர் பூத்துச் சுவரைப் பொக்குளமாக்கிவிடும். அதே கட்டி தடித்த சுவரின் உட்புறத்தில் இருந்தால் தீங்கில்லை, நன்மைகூட உண்டு. ஒரே கொத்தன் பூச்சுக்கு ஊறவைத்த சுண்ணாம்பையும் உட்காரைக்குச் சுட்ட சுண்ணாம்பையும் எடுத்திருக்கலாம். அதேபோல், வெள்ளைக் கட்டிகள் எல்லாமே உலர்கலவையால்தான் வந்தன என்றும் சொல்லிவிட முடியாது. அரைகுறையாக நீறிய சுண்ணாம்பும் கட்டிகளை விட்டுச் செல்லும்.

ஆக, ஐந்து ஆய்வுகளுக்கும் பொதுவாக ஓர் உண்மை உண்டு. இறுகி முடிந்த பிறகும் ரோமானியக் காரையில் வினைக்கு மிச்சம் இருந்தது. சில இடங்களில் அந்த மிச்சம் எரிமலைக் கண்ணாடி, சில இடங்களில் லூசைட், சில இடங்களில் சுண்ணாம்புக் கட்டி. உள்ளே வந்த நீர் அழிப்பதற்குப் பதிலாகப் புதிய கனிமங்களை உண்டாக்கியது.

பாந்தியான்: வடிவம் சுமந்த பாரம்

வேதியியலோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். ரோம் நகரின் பாந்தியான் கோயில் ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 126ஐ ஒட்டி முடிக்கப்பட்டது. அதன் குவிமாடத்தின் உள்விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளை வரையிலான உயரமும் அவ்வளவே. கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகின் மிகப் பெரியது இன்றும் இதுதான்.

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஒரு தட்டையான கூரைப்பலகையின் அடிப்பக்கம் எப்போதும் இழுபடும். கம்பி இல்லாமல் அகலமான தட்டைக் கூரை போட்டால் நடுவில் பிளந்து விழும். எனவே ரோமானியர் வளைவு, கமான், குவிமாடம் ஆகிய வடிவங்களையே நாடினார்கள். இவற்றில் பாரம் பெரும்பாலும் அமுக்கமாகவே கீழிறங்கும்.

பாந்தியானில் இன்னொரு நுட்பமும் உண்டு. கீழிருந்து மேலே போகப் போகக் கலவையிலுள்ள ஜல்லியை மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். அடித்தளத்தில் டிராவர்டைன் என்ற கனமான சுண்ணாம்புக்கல். சுவரில் அதோடு எரிமலைத் துஃபா கல், அதற்குமேல் துஃபாவும் செங்கல் துண்டும். குவிமாடம் தொடங்கும் இடத்தில் செங்கல் துண்டு. உச்சியை நெருங்கும்போது லேசான துஃபாவும் நுரைபோன்ற எரிமலைக் கல்லும். தடிமனும் அடியில் சுமார் 6 மீட்டரிலிருந்து உச்சியில் சுமார் 1.2 மீட்டராகக் குறைகிறது. உட்புறத்தில் வரிசைக்கு 28 வீதம் ஐந்து வரிசைகளில் 140 குழிப்பெட்டிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. உச்சி திறந்தே கிடக்கிறது: மிக மெலிய வேண்டிய இடத்தில் பொருளே இல்லை.

அப்படியிருந்தும் குவிமாடத்தின் கீழ்ப்பகுதியில் மேலும் கீழுமாக ஓடும் விரிசல்கள் இருக்கின்றன. குடத்தின் வயிற்றைச் சுற்றிப் பிதுங்கும் விசையைப்போல, குவிமாடத்தின் அடிப்பகுதியைச் சுற்றியும் ஓர் இழுப்பு உண்டு. கம்பியோ வளையமோ இல்லாத கான்கிரீட்டால் அதைத் தாங்க முடியவில்லை. விரிசல் விட்ட பிறகு குவிமாடம், ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும் கமான்களின் தொகுப்பாக நடந்துகொள்கிறது. தடித்த சுவரும் அடியைச் சுற்றிப் படிப்படியாக ஏற்றிய கூடுதல் பாரமும் அவை விலகாமல் பிடித்துக்கொள்கின்றன. விரிசலே விடாததால் பாந்தியான் நிற்கிறது என்பது தவறு. விரிசல் விட்ட பிறகும் நிற்கக்கூடிய வடிவத்தில் அது கட்டப்பட்டிருக்கிறது.

கம்பி இல்லாததன் இலாபமும் நட்டமும்

கடற்கரையோர ஊர்களில் பழைய மாடிவீடுகளின் பால்கனியை அண்ணாந்து பார்த்தால், காரை பெயர்ந்து விழுந்து, செதில்செதிலாகத் துருவேறிய கம்பி பல்லிளித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். நம் காலத்துக் கான்கிரீட் உதிர்கிறது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறோம். இங்கே முதலில் கெட்டது சிமெண்ட் அன்று, கம்பி.

புதிய சிமெண்ட் கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம். அந்தக் காரம் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கும். நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊடுருவி, காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கடலோரமானால் உப்பிலுள்ள குளோரைடும் சேர்ந்துகொள்ளும். காப்பு கலைந்ததும் கம்பி துருப்பிடிக்கும். துரு அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வதால் உள்ளிருந்து காரையைப் பிளக்கும். ரோமானியரின் சுண்ணாம்பை இறுகவைத்த அதே கரியமில வாயு, நம் கம்பியின் காப்பைக் கலைக்கிறது.

அதற்காகக் கம்பியைக் கைவிட முடியாது. இத்தாலியத் துறைமுகங்களில் எடுத்த ரோமானியக் காரை மாதிரிகளின் அமுக்க வலிமை ஏறத்தாழ 5 முதல் 10 மெகாபாஸ்கல் அளவிலேயே இருக்கிறது. இன்று ஒரு சாதாரண வீட்டுத் தளத்துக்கே 28 நாளில் 20 அல்லது 25 மெகாபாஸ்கல் வலிமை கேட்கிறோம். ரோமானியக் காரையை வைத்துப் பத்து மாடி வீடோ மேம்பாலமோ கட்ட இயலாது. அவர்கள் கட்டவும் இல்லை. நம் கான்கிரீட் ரோமானியருடையதைவிடத் தாழ்ந்தது என்பதைவிட, அது வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதே சரி.

இடிந்தவை கண்ணில் படுவதில்லை

இன்று நிற்பவற்றை மட்டும் பார்த்து ரோமானியர் கட்டியதெல்லாம் நிலைத்தது என்று முடிவுசெய்வது பிழை. பிளினியே இதற்குச் சாட்சி சொல்கிறார்: ரோமில் கட்டடங்கள் இடிந்து விழ முதன்மைக் காரணம் சுண்ணாம்புத் திருட்டு, ஒட்டவைக்க வேண்டிய சுண்ணாம்பு போதாமலேயே கற்களை அடுக்கிவிடுகிறார்கள் என்பது அவர் வைக்கும் குற்றச்சாட்டு. சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டும் ஒப்பந்தக்காரரைப் பற்றிய இன்றைய புகாருக்கும் இதற்கும் சொல்லளவில்கூட வேறுபாடு இல்லை. அப்படிக் கட்டிய குடியிருப்புகள் பெரும்பாலும் நமக்கு மிஞ்சவில்லை. அரசுக் கருவூலத்தின் செலவில், சிறந்த மண்ணும் மேற்பார்வையும் கிடைத்த பெருங்கட்டடங்களே பெரிதும் மிஞ்சின. அவற்றிலும் பாந்தியான் கி.பி. 609இல் தேவாலயமாக்கப்பட்டுத் தொடர்ந்து பராமரிப்பில் இருந்தது. அத்தனை தொலைவிலிருந்து மண் வரவழைத்துக் கட்டிய சீசரியா துறைமுகத்தின் அலைத்தடுப்புகளோ இன்று கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன.

நம் சிமெண்ட் மூட்டைவரை வந்த மரபு

ரோமானிய முறை எங்கோ தொலைந்துபோன கலை என்ற எண்ணமும் முழு உண்மை அன்று. அதன் அடிப்படையான சுண்ணாம்பு–பொசோலானா வினை பல வடிவங்களில் தொடர்ந்து வந்திருக்கிறது.

முதலாவது, சுர்க்கி. செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்க்கும் இந்தச் சாந்து, விட்ருவியஸ் சொன்ன ஓட்டுத்தூள் சாந்தின் வேதியியலையே உடையது. 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் தலைமையில் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் உடல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டதுதான். இதை வைத்து அணையின் பாதுகாப்பைப் பற்றி எந்தப் பக்கத்துக்கும் முடிவு சொல்லிவிடக் கூடாது. கசியும் நீர் கண்ணாடியைக் கரைத்துப் படிகமும் வளர்க்கலாம், சுண்ணாம்பையே கரைத்து வெளியே கொண்டுபோகவும் செய்யலாம். எது நடக்கிறது என்பதை அந்தந்த அணையில் அளந்துதான் சொல்ல முடியும்.

இரண்டாவது, நாம் கடையில் வாங்கும் பி.பி.சி. சிமெண்ட். “போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்ட்” என்ற அந்தப் பெயரில் புத்தேயோலி ஊர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே பொசோலானாவாகச் சேர்வது பெரும்பாலும் அனல்மின் நிலையங்களின் உலர்சாம்பல். நிலக்கரியிலிருந்த களிமண் உருகிக் கண்ணாடிக் குருணையாக உறைந்தது அது. இந்தியத் தர விதி 15 முதல் 35 விழுக்காடு வரை அதைச் சேர்க்க இடமளிக்கிறது.

மூன்றாவது, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த எல்.சி.3 என்ற புதிய வகை. சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்களும் இதன் ஆராய்ச்சியில் பங்கேற்றன. 2023இல் இதற்கு இந்தியத் தர விதியும் வந்துவிட்டது. 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டு எடுக்கும் கிளிங்கரை (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டிகளை) ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தை 700, 800 டிகிரியில் சுட்ட களிமண்ணாலும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளாலும் நிரப்புவது இதன் சாரம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7, 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்து வருவதால், ரோமானியக் காரையின்மேல் ஆராய்ச்சியாளர்கள் இவ்வளவு கவனம் செலுத்துவதன் உண்மையான காரணமும் இங்கேதான் இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு: பொசோலானா வினை மெதுவானது, அது நடக்கும் காலமெல்லாம் ஈரம் வேண்டும். கடலுக்குள் கட்டிய ரோமானியருக்கு அந்த ஈரம் கேட்காமலே கிடைத்தது. மாடியில் தளம் போடும் நமக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்திய விதி, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்றினால் போதும் என்றும், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் வேண்டும் என்றும், அதை 14 நாளாக்குவது நல்லது என்றும் சொல்கிறது. பி.பி.சி. மூட்டையை வாங்கிவிட்டு மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தும் கட்டடங்களில், சாம்பலின் பெரும்பகுதி வினைபுரியாமல் வெறும் தூளாகவே தளத்துக்குள் தங்கிவிடுகிறது.